ஆறு பேர் மனத்தில் ஒரே விளையாட்டு

வீடியோ கேம் ஒன்றைச் செய்யும் மாணவர் குழுவில் வேலைகள் நான்கு வகையாகப் பிரிகின்றன. நிரல் எழுதுவது ஒன்று, படம் வரைவது ஒன்று, ஒலியும் இசையும் அமைப்பது ஒன்று, விதிகளையும் கட்டங்களையும் வகுப்பது ஒன்று. இவற்றைச் செய்பவர்கள் வெவ்வேறு பாடம் படிப்பவர்களாக இருக்கலாம். வெவ்வேறு மென்பொருளில், வெவ்வேறு நேரத்தில், விடுமுறை வந்தால் வெவ்வேறு ஊர்களில் இருந்து வேலை செய்வார்கள். ஆனால் திரையில் ஓடப்போவது ஒன்றுதான். அது எப்படிப்பட்ட விளையாட்டு, ஆடுபவருக்கு அதில் என்ன நேர வேண்டும் என்பது பற்றி எல்லோர் மனத்திலும் இருக்க வேண்டிய ஒரே எண்ணமே குழுவின் பொதுநோக்கு.

வீடியோ கேமுக்கு முழுமையான முன்வரைவு என்று ஒன்று கிடைப்பதில்லை. ஆடுபவர் கையில் கொடுக்கும்வரை அது எப்படி நடந்துகொள்ளும் என்று செய்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. அதனால் பொதுநோக்கை முதல் நாளே பேசி முடித்துவிட முடிவதில்லை. அதைச் சொல்லில் எழுதி, செய்து பார்த்து, பொருந்தாதவற்றைக் கழித்து, மறுபடி சரிபார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

ஒரு தலைப்பு, ஆறு விளையாட்டுகள்

குழுக்கள் முதலில் ஒத்துப்போவது தலைப்பில். மட்டக்களப்பு மாணவர்கள் ஆறு பேர் கூடி, வாவியைப் பற்றி ஒரு விளையாட்டுச் செய்வோம் என்று சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருக்காது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவி அது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று ஊர்களை இரண்டாகப் பிரிப்பதும் அதுவே. அத்தனை பெரிய பொருளில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைப் பார்ப்பார்கள்.

ஒருவர் மனத்தில் தோணியில் போய் வலை வீசும் மீன்பிடி விளையாட்டு ஓடும். இன்னொருவர் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையை வைத்து ஒரு போர் விளையாட்டை நினைப்பார். மூன்றாமவருக்குக் கண்டல் காடும் இறாலும் பறவைகளும் வேண்டும். நான்காமவர் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஊர் மீண்ட கதையைச் சொல்ல விரும்புவார். ஐந்தாமவர் நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் கேட்பதாகச் சொல்லப்படும் பாடுமீன்களின் ஓசையை நினைப்பார். ஆறாமவருக்கு இரு கரைக்கும் ஆட்களையும் பொருட்களையும் ஏற்றி இறக்கும் வியாபார விளையாட்டுத்தான் வாவி.

இந்த ஆறும் நல்ல எண்ணங்களே. தலைப்பு ஒன்றாக இருப்பதால் இவை வேறுவேறு விளையாட்டுகள் என்பது மட்டும் வெளியே தெரிவதில்லை. வேலை தொடங்கி சில வாரங்களில் வரைபவர் கோட்டை மதிலைக் கல் கல்லாகத் தீட்டி முடித்திருப்பார். நிரலாளர் அலையின் அசைவைக் கணிக்கும் நிரலில் நாட்களைப் போட்டிருப்பார். இசை அமைப்பவர் துள்ளலான மெட்டு ஒன்றை அனுப்புவார். தனியே பார்த்தால் எதிலும் குறை இருக்காது, சேர்த்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. அதன் பிறகு நடக்கும் வாக்குவாதம் அவரவர் திறமையைப் பற்றியதாகத் தோன்றும். உண்மையில் அது முதல் நாள் பேசாமல் விட்ட பேச்சு.

இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. கலந்து பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள விளையாட்டைத் தனித்தனியே ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ஆடுபவர் யார், அவர் கையால் என்ன செய்கிறார், அப்போது அவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆறு தாள்களையும் உரக்க வாசித்தால் வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும். பேசிய பிறகு எழுதச் சொன்னால் இந்தப் பயன் கிடைக்காது. முதலில் பேசியவரின் சொற்களையே மற்றவர்களும் எழுதிவிடுவார்கள்.

ஸ்பேஸ்வாரின் மூன்று விதிகள்

மாணவர்களும் இளைஞர்களும் கூடிச் செய்த கணினி விளையாட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றான ‘ஸ்பேஸ்வார்’ தெளிவான பொதுநோக்கிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு 1961இல் பி.டி.பி-1 என்ற புதிய கணினி வந்தது. அதில் எதைச் செய்து காட்டுவது என்று ஸ்டீவ் ரசல், மார்ட்டின் கிரேட்ஸ், வெய்ன் வீட்டனன் ஆகியோர் பேசி மூன்று விதிகளுக்கு வந்தார்கள். கணினியின் ஆற்றலை அதன் எல்லைவரை பயன்படுத்த வேண்டும் என்பது முதலாவது. ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக நடந்து ஆர்வத்தைத் தூண்ட வேண்டும் என்பது இரண்டாவது. பார்த்துக்கொண்டிருப்பவரையும் மகிழ்ச்சியோடு உள்ளே இழுக்க வேண்டும், அதாவது அது ஒரு விளையாட்டாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது.

ரசல் உடனே நிரல் எழுதத் தொடங்கவில்லை. சைன், கொசைன் கணிக்கும் நிரல் கையில் இல்லை என்று காரணம் சொன்னார். அலன் கோட்டக் அதைக் கணினியைச் செய்த நிறுவனத்திலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். 1962 தொடக்கத்தில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் விளையாட்டு ஓடியது. பின்னர் பலர் அதில் சேர்த்தார்கள். பீற்றர் சாம்சன் கண்டபடி சிதறிக் கிடந்த புள்ளிகளை எடுத்துவிட்டு உண்மையான விண்மீன் வரைபடத்தைப் பின்னணியாக வைத்தார். டான் எட்வர்ட்ஸ் திரையின் நடுவே ஈர்ப்புவிசையுள்ள ஒரு விண்மீனை வைத்தார். அதற்கு வேண்டிய கணிப்பு நேரத்தைப் பெற, கலங்களை வரையும் பகுதியை விரைவாக்கினார். தப்பிக்க வழியில்லாதபோது கலம் மறைந்து வேறிடத்தில் தோன்றும் வசதியைக் கிரேட்ஸ் சேர்த்தார்.

தனித்தனியே வந்த இந்தச் சேர்க்கைகள் ஒன்றோடொன்று பொருந்தியதற்கு அந்த மூன்று விதிகளும் ஒரு காரணம். ஈர்ப்புவிசை கணினியை வேலை வாங்கியது, ஒவ்வொரு ஆட்டத்தையும் வேறாக்கியது, புதிய தந்திரங்களுக்கு இடம் கொடுத்தது. மூன்று விதிக்கும் அது பொருந்தியது. எறிகணைகள் சிலசமயம் குறி தவறுவது போன்ற உண்மைத்தன்மையையும் ரசல் சேர்த்துப் பார்த்தார். ஆடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அதனால் கைவிடப்பட்டது. மகிழ்ச்சியைக் கெடுத்த உண்மைத்தன்மைக்கு மூன்றாவது விதியில் இடமில்லை.

ஆடுபவருக்கு என்ன தோன்ற வேண்டும்

ரொபின் ஹுனிக்கே, மார்க் லெப்ளாங்க், றொபர்ட் சுபெக் ஆகிய மூவர் 2004இல் எழுதிய ஒரு கட்டுரை விளையாட்டு வடிவமைப்புப் பாடங்களில் பரவலாகப் பயன்படுகிறது. விதிகள், அந்த விதிகள் ஓடும்போது உண்டாகும் நடத்தை, ஆடுபவரின் மனத்தில் எழும் உணர்வு என்று அவர்கள் விளையாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். செய்பவர்கள் விதியிலிருந்து உணர்வை நோக்கிப் பார்க்கிறார்கள். ஆடுபவரோ உணர்வைத்தான் முதலில் சந்திக்கிறார். குழுவில் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கோணம் மாறுகிறது. எல்லோரும் ஆடுபவரின் பக்கம் போய் நின்று பார்த்தால் கோணம் ஒன்றாகிறது.

இதையே தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ட்ரேசி ஃபுல்லர்ட்டன் கற்பித்தார். ஆடுபவருக்கு என்ன அனுபவம் கிடைக்க வேண்டும் என்பதை முதலில் இலக்காக எழுதி, அதற்குப் பிறகே அம்சங்களைத் தேடுவது அவர் முறை. அவரது வழிகாட்டலில் 2005இல் ஜெனோவா சென் உள்ளிட்ட மாணவர்கள் செய்த ‘கிளவுட்’ என்ற விளையாட்டில், மருத்துவமனையில் படுத்திருக்கும் சிறுவன் வானில் பறந்து மேகங்களைச் சேர்ப்பதாகக் கனவு காண்கிறான். சிறுவயதில் ஆஸ்துமாவால் மருத்துவமனையில் நாட்களைக் கழித்தவர் சென். ஆடுபவர் மனம் இளைப்பாற வேண்டும் என்பதே அந்தக் குழுவின் இலக்கு. பரபரப்பையும் போட்டியையும் எதிர்பார்க்கும் சந்தையில் அப்படி ஓர் இலக்கை வைத்ததால், எந்த அம்சம் வேண்டும், எது வேண்டாம் என்பதற்கு அவர்களிடம் ஓர் அளவுகோல் இருந்தது. சென் பின்னர் தொடங்கிய நிறுவனத்தின் ‘ஃபிளவர்’ (2009), ‘ஜேர்ணி’ (2012) ஆகிய விளையாட்டுகளும் உணர்விலிருந்து தொடங்கும் இதே வழியில் வந்தவை.

வாவி உதாரணத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஆறு தாள்களையும் வாசித்த குழு, பாடுமீன் ஓசையை நினைத்தவரின் எண்ணத்தை எடுத்துக்கொண்டு இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: இரவில் வாவியின் நடுவே தோணியில் தனித்திருப்பவர், கண்ணை விடக் காதை நம்பி வழி கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ஒரு வாக்கியம் நான்கு வகை வேலையையும் மாற்றுகிறது. வரைபவருக்கு வேண்டியது இருட்டும், சில நிறங்களும், தூரத்து விளக்கு வெளிச்சமும். கோட்டை மதிலின் கல்லெல்லாம் தேவையில்லை. நிரலாளர் அலையின் கணிப்பை விட்டுவிட்டு, ஓசை எந்தத் திசையில் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைக் காதுக்குச் சரியாகத் தருவதில் நேரம் செலவழிக்க வேண்டும். இசை அமைப்பவர் இடைவிடாத பின்னணி இசையை விலக்க வேண்டும், அது வழிகாட்டும் ஓசையை மூடிவிடும். விதி வகுப்பவர் திரையின் மூலையில் வரைபடம் வைக்கக் கூடாது, வைத்தால் எவரும் காதை நம்பப் போவதில்லை. மீன்பிடியும் சேரலாமா என்ற கேள்வி வந்தால், அது ஆடுபவரைக் கேட்க வைக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கழிக்க உதவும் நோக்கு

பொதுநோக்கின் பெரிய பயன், எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்வதில் இருக்கிறது. மாணவர் குழுவிடம் பணமும் ஆளும் குறைவு. ஓர் அரையாண்டுக்குள், மற்றப் பாடங்களுக்கும் பரீட்சைக்கும் நடுவில் முடிக்க வேண்டும். வேண்டாததைச் சீக்கிரம் கழிக்கும் குழுவுக்கே வேண்டியதைச் செய்ய நேரம் மிஞ்சுகிறது.

அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் செய்த ‘நார்பாகுலர் டிராப்’ இதற்குப் பெயர்போனது. நிலவறையில் அடைபட்ட இளவரசி, இரண்டு வாசல்களைத் தாம் விரும்பும் சுவர்களில் உண்டாக்கி, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளிவந்து தப்பிக்க வேண்டும். அவரால் துள்ளிப் பாய முடியாது, பெயரே ‘முழங்கால் இல்லாதவர்’ என்று பொருள்படும். இத்தகைய விளையாட்டுகளில் பாய்வது வெகு சாதாரணம். அதை எடுத்துவிட்டதால் ஆடுபவரின் கவனம் முழுவதும் வாசல்களின் மேல் விழுந்தது. கல்லூரியின் வேலைவாய்ப்புக் கண்காட்சியில் இதைப் பார்த்த வால்வ் நிறுவனத்தினர் குழுவை அழைத்தார்கள். நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மாணவர்களை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார். கிம் சுவிஃப்ட் உள்ளிட்ட அந்தக் குழு பங்கேற்று உருவாக்கிய ‘போர்ட்டல்’ 2007இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவரின் முதுகலைச் செயற்றிட்டமாகத் தொடங்கிய ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ 2019இல் முழு விளையாட்டாக வந்தது. தெரிந்துகொள்ளும் ஆவல் ஒன்றே ஆடுபவரை நடத்த வேண்டும் என்பது அதன் நோக்கு. 22 நிமிடத்துக்கு ஒருமுறை காலம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். ஆயுதம், புள்ளி, கூடுதல் ஆற்றல் எதையும் சேர்த்து வைக்க முடியாது. அறிந்துகொண்டது மட்டும் ஆடுபவரிடம் தங்குகிறது. மற்ற விளையாட்டுகளில் வழக்கமாக இருக்கும் பரிசுகளைக் கழித்ததுதான் இதற்குத் தனித்தன்மை தந்தது.

தமிழ் வாழ்க்கையை வைத்து வந்த ‘வெண்பா’வும் இங்கே நினைக்கத்தக்கது. மாணவர் படைப்பு அல்ல அது. ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் தாய், பழுதடைந்த சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்கிறார். அழிந்துபோன வரிகளை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். கைமாறும்போது தேய்ந்துபோகும் பண்பாடு என்ற கதையும், ஊகித்து நிரப்பும் விதியும் ஒரே திசையில் போகின்றன. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது.

கழிப்பது இவ்வளவு உதவுவதால் பொதுநோக்கை எழுதும் தாளின் பின்பக்கத்தில் விலக்குப் பட்டியல் ஒன்றும் இருப்பது நல்லது. போர் இல்லை, நேரக் கெடு இல்லை, திரையில் வரைபடம் இல்லை என்று நான்கைந்து வரிகள் போதும். பிற்பாடு வரும் சச்சரவுகளில் பாதியை அவை தீர்த்துவிடும்.

ஆடிப் பார்த்து ஒத்துக்கொள்வது

வாக்கியத்துக்கு எல்லோரும் தலையாட்டினாலும் அது இன்னும் சொல்லாகத்தான் இருக்கிறது. ‘மர்மமான வாவி’ என்ற தொடர் ஒருவருக்குப் பேய்க்கதை, இன்னொருவருக்கு அமைதி. இதைத் தீர்ப்பது முன்மாதிரி. பெட்டியும் வட்டமும் வைத்து, படம் எதுவும் வரையாமல், ஆடக்கூடிய மிகச் சிறிய வடிவத்தைச் செய்து பார்ப்பதே அது. கணினி இல்லாமல் தாளிலும் செய்யலாம். வாவி விளையாட்டுக்கு ஒருவரின் கண்ணைக் கட்டி, மற்றவர்கள் அறையின் மூலைகளில் நின்று ஓசை எழுப்பினால், காதை நம்பி நடப்பது சுவையாக இருக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2005இல் நான்கு மாணவர்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒவ்வொரு விளையாட்டையும் ஒருவர் தனியாக, ஏழு நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்று விதித்துக்கொண்டு, ஓர் அரையாண்டில் 50க்கும் மேற்பட்ட சிறு விளையாட்டுகளைச் செய்தார்கள். பல தேறவில்லை. தேறிய ஒன்றான ‘டவர் ஆஃப் கூ’ பின்னர் ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ (2008) என்ற வெற்றிகரமான விளையாட்டாக வளர்ந்தது. சிறிதாகச் செய்து பார்த்து விடும்போது இழப்பு ஒரு வாரம்தான். பெரிதாகச் செய்துவிட்டு விடுவதற்கு எவருக்கும் மனம் வராது. 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாம், சில நாட்களுக்குள் ஒரு விளையாட்டை முடிக்கச் சொல்லி இதே பயிற்சியைத் தருகிறது.

முன்மாதிரியைக் குழுவுக்கு வெளியே உள்ளவர்களிடம் கொடுக்கும்போதுதான் நோக்கு சோதனைக்கு வருகிறது. வால்வ் நிறுவனத்தில் ‘போர்ட்டல்’ உருவான காலத்தில் புதியவர்களை வாராவாரம் அழைத்து ஆட வைத்தார்கள். அப்போது செய்தவர்கள் விளக்கம் சொல்லக் கூடாது. ஆடுபவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே சிரிக்கிறார், எங்கே சலிக்கிறார் என்று குறித்துக்கொள்வதே வேலை. முடிந்த பின், இது எதைப் பற்றிய விளையாட்டு என்று கேட்க வேண்டும். அவர் தம் சொற்களில் சொல்வது குழு எழுதிய வாக்கியத்துக்கு அருகில் வந்தால் வேலை சரியான வழியில் போகிறது. வராவிட்டால் குழுவுக்குள் எவ்வளவு ஒற்றுமை இருந்தும் பயன் இல்லை.

அண்ணாவியாரும் சட்டமும்

பலர் சேர்ந்து ஒரே படைப்பைச் செய்யும் ஒழுங்கு மட்டக்களப்புக்குப் புதிதல்ல. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில், ஆடப் பழக்கும் அண்ணாவியாரின் தலைமையில் ஊரார் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். ஆட்டக்காரருக்கு அவரவர் பகுதியை எழுதிக் கொடுப்பது சட்டம் கொடுத்தல். ஓரளவு பழகிய பின் காலில் சதங்கை கட்டுவது சதங்கை அணிதல். கூத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். அதற்குப் பிறகே அரங்கேற்றம். ஒவ்வொருவரிடமும் தம் பகுதி எழுத்தில் இருக்கிறது, முழுமையையும் மனத்தில் வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார், சரிபார்க்கும் நாட்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கின்றன.

கேம் செய்யும் குழுவுக்கும் இந்த மூன்றும் வேண்டும். நோக்கைக் காப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். எல்லா முடிவும் அவருடையது என்று இதற்குப் பொருள் இல்லை. நிறத்தைப் பற்றி வரைபவரும், நிரலின் அமைப்பைப் பற்றி நிரலாளரும் முடிவெடுப்பார்கள். இரண்டு துறைகள் முட்டிக்கொள்ளும்போது எழுதிய வாக்கியத்தைக் காட்டி வழி சொல்வதே காப்பவரின் வேலை. வயதில் ஒத்த நண்பர்கள் சேர்ந்த குழுவில் எவரும் எவருக்கும் மறுப்புச் சொல்லக் கூசுவார்கள். வாக்கியம் தாளில் இருந்தால் மறுப்பு ஆளின் மேல் விழாமல் தாளைச் சார்ந்து நிற்கும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியில் அதன் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. கணினி படிப்பவர்களும், இசையும் நாடகமும் கட்புலக் கலையும் படிப்பவர்களும் ஒரே மாவட்டத்தில் கிடைப்பது கேம் குழுவுக்கு நல்ல வாய்ப்பு. பாடப் பின்னணி விலகியிருக்கும் அளவுக்கு நோக்கை எழுதி வைக்கும் தேவையும் கூடுகிறது.

முதல் வாரத்தில் முடிக்க வேண்டியவை

சில முடிவுகள் பார்வைக்குச் சிறியவை, தள்ளிப்போட்டால் பெரிய செலவு வைப்பவை. மொழி அவற்றுள் ஒன்று. விளையாட்டில் தமிழ் எழுத்து வருமானால், அதை உருவாக்கப் பயன்படுத்தும் மென்பொருள் (கேம் எஞ்சின்) தமிழைச் சரியாகக் காட்டுகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். ‘கொ’, ‘தெ’ போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுவது பல மென்பொருட்களில் காணும் கோளாறு. திறந்த மூல மென்பொருளான கொடோ, 2023இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இத்தகைய எழுத்துகளை ஒழுங்காக அமைக்கிறது. எந்தக் கருவியில் ஆடுவது என்பதும் அப்படியே. கைப்பேசியில் ஒலிபெருக்கியில் ஆடுவதற்கும், கணினியில் காதுக்கருவி அணிந்து ஆடுவதற்கும் வாவி விளையாட்டே வேறாகிவிடும்.

கோப்புகளைக் கிட் (Git) போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் ஒரே இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை எல்லோருடைய வேலையையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்ப்பது அடுத்த ஒழுங்கு. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் என்ன முடித்தார் என்று சொல்வதை விட, சேர்ந்து ஆடிப் பார்ப்பதே பயன் தரும். ஒருவர் வேலை நோக்கைவிட்டு விலகினால் அது ஏழு நாளுக்குள் தெரிந்துவிடும்.

நோக்கை மாற்றும் நேரம்

எழுதிய வாக்கியம் தவறாகவும் இருக்கலாம். இருட்டில் காதை நம்பி நடப்பது ஆடுபவர்களுக்குச் சலிப்பைத் தருகிறது என்று சோதனை திரும்பத் திரும்பக் காட்டினால் வாக்கியத்தை மாற்றத்தான் வேண்டும். மாற்றும் முறை மட்டும் முக்கியம். ஒருவர் தம் பகுதியில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வது பிளவு. எல்லோரும் கூடி, ஆடியவர்களிடம் கண்டதை முன்வைத்து, பழைய வாக்கியத்தை அடித்துப் புதியதை எழுதி, அதனால் கழியும் வேலைகளையும் பட்டியலிடுவது திருத்தம். அரையாண்டின் முதல் பாதிக்குள் இது நடந்தால் குழு தாங்கிக்கொள்ளும். பிற்பாதியில் நோக்கை மாற்றுவதைவிட, இருக்கும் நோக்குக்குள் விளையாட்டைச் சிறிதாக்கி முடிப்பதே நல்லது. பாதியில் நிற்கும் பெரிய விளையாட்டை எவரிடமும் ஆடக் கொடுக்க முடியாது. பத்து நிமிடமே ஓடும் முடிந்த விளையாட்டை ஆடக் கொடுக்கலாம், கண்காட்சியில் வைக்கலாம், அடுத்த குழு அதிலிருந்து கற்கவும் செய்யலாம்.